செவ்வாய், இரண்டாம் பாகம்

செவ்வாய்க் கிரகக் கதையின் முதல் பாகம், ராக்கெட்டில் காற்று தீரும் இடத்தில் முடிந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து யூனிஸுக்குத் தூக்கமில்லை. இரண்டாம் பாகம் தாம்பரம் லெண்டிங் லைப்ரரிக்கு வந்தாயிற்று. ஒரே ஒரு பிரதிதான்.

மாதக் கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து, வழக்கம்போல் வாசகர் கூட்டத்தார் எலியேசர் வீட்டில் கூடினார்கள். அடுத்த மாதம் யார் என்ன படிக்கப்போகிறார்கள் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

"எனக்குப் பறக்கும் பாம்புக் கதை போதும்," என்றார் எலியேசர்.

"நான் பேய்க் கதைண்ணா. செவ்வாய் மெதுவா வரட்டும்," என்றாள் யூனிஸ்.

"எனக்கும் அவசரமில்லை," என்றார் ஏசுதாசன்.

புதிதாகச் சேர்ந்த தனசிங் மட்டும், "நாளைக்குக் காலைல செவ்வாய் ரெண்டாம் பாகத்தை நான் எடுக்கறேன்," என்றார்.



"தாராளமா," என்றாள் யூனிஸ்.

மறுநாள், தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டு யூனிஸ் லைப்ரரிக்குப் போனாள். வாசலில் எலியேசர் நின்றிருந்தார். ஏசுதாசன் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"செவ்வாயா?" என்றார் லைப்ரரி நடத்தும் பொன்னுசாமி. "கடை தொறந்ததுமே தனசிங் சார் எடுத்துகினு பூட்டாரே. உங்களாண்ட சொல்லலியா?"

"சொன்னார்," என்றார் எலியேசர். "எங்களை மாதிரிதான் சொல்றார்னு நினைச்சுட்டோம்."

மூன்று வருஷமாக அந்தக் கூட்டத்தில் யாரும், சொன்ன புத்தகத்தை எடுத்ததில்லை.

"அடுத்த மாசம் அவரைக் கூப்பிடணுமா?" என்றார் ஏசுதாசன்.

"வேண்டாம்ணா," என்றாள் யூனிஸ். "கூட்டம் கெட்டுப்போயிடும்."