பழனியாத்தாள் காட்டில் கடல்

தொண்ணூற்றொன்பது சித்திரையில், வெள்ளகோவிலுக்கு அருகே பழனியாத்தாளின் சோளக்காட்டு வழியாக எண்ணெய்க் குழாய் பதிக்க வந்தார்கள். விளையும் மண்ணைத் தோண்டக் கூடாது என்று அவர் மூன்று நாட்கள் பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்து வேலையை நிறுத்திவைத்தார்.

நான்காம் நாள் காலை, அவர் பள்ளத்தில் இருக்கும்போதே, அடுத்த துண்டை இணைப்பதற்காக வெல்டர் அமிர்தராஜ் குழாயின் மூடியைக் கழற்றினார். உள்ளிருந்து ஈரக்காற்று வீசியது. கூடவே அலையடிக்கும் சத்தம். அதுவரை இணைத்திருந்தது ஒன்பது துண்டுகள்தான், ஏறக்குறைய நூறு மீட்டர். அவர் மறுமுனைக்கு நடந்துபோய்ப் பார்த்தார். அங்கே குழாயை அடைத்துப் பற்றவைத்த இரும்புத் தகடு அப்படியே இருந்தது.

"ஏனுங்க, அதென்னங்க சத்தம்?" என்றார் பழனியாத்தாள்.

"கடல்தாம்மா." தூத்துக்குடிக்காரரான அமிர்தராஜுக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

"நான் கடலைப் பாத்ததே இல்லீங்க."

அவர் குழாயின் வாயில் முகத்தை வைத்து உட்கார்ந்துகொண்டார். மதியம் சூப்பர்வைசர் வந்து அமிர்தராஜிடம் கத்தினார். "இன்னிக்கு ஜாயின்ட் முடியலைன்னா நாளைக்கு உனக்கு வேலை இல்லை!"

அமிர்தராஜ் வெல்டிங் ராடைக் கீழே வைத்தார். "அந்தம்மா எந்திரிக்கட்டும் சார்."

சூப்பர்வைசர் குனிந்து குழாயின் பக்கம் காதை வைத்துக் கேட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

வெயில் தாழ்ந்ததும் பழனியாத்தாள் தானாகவே எழுந்தார். சேலை நனைந்திருந்தது. "அத்தனை தொலைவுல இருந்து வருதுங்க, நாம மறிக்கக் கூடாது. பத்தவெச்சுப்போடுங்க கண்ணு," என்று சொல்லிப் பள்ளத்தைவிட்டு ஏறினார்.

மேய்ந்துகொண்டிருந்த அவருடைய இரண்டு மாடுகளும் நேராக அவரிடம் வந்தன. உப்புக்கல்லை நக்குவதுபோல, அவர் கைகளை முழங்கை வரை நக்கிக்கொண்டே நின்றன.