வலியோடு வந்தவள்

மிர்லாந்துக்கு இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலித்தது. அவள் நின்றிருந்தது மான்ட்ரியலில், ஆறாவது மாடி வீட்டுக் கூடத்தில். அவள் கையை ஓங்கும்போதெல்லாம் மண்ணைக் கொத்திய இரும்பு ஆள் நின்றது ஹெய்தியில், ஊர்க்காரர் ஒரெஸ்தீலின் மலைச்சரிவு விவசாயக் காட்டில்.

போன மாதம் அவளுக்கு அப்பா விட்டுப்போன நிலத்தை ஒரெஸ்தீலையும் சேர்த்துப் பதினோரு பேர் கூடிக் கொத்திக் கொடுத்தார்கள். அந்த ஊரில் கூட்டுவேலைக்குக் கூலி கிடையாது, வேலைக்கு வேலைதான். வெளிநாட்டில் இருப்பவர்களையும் ஊரையும் இணைத்துவைக்கும் ஆலோசனை நிறுவனம் இரும்பு ஆளைக் கொடுத்து, "அது கொத்தும் வலி உங்களுக்கு வராது, அணைத்துவிட்டோம்" என்றது. போன ஞாயிறு இதே காட்டில் மூன்று ஆள் வேலையை ஒருத்தியாக முடித்தாள். ஒரெஸ்தீல் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

"மெஷின் வந்துச்சு தங்கச்சி. நீ வரலையே!"

வராதவளின் நிலத்துக்கு விதைப்பன்று யாரும் வரமாட்டார்கள். இந்த வாரம் நிறுவனத்திடம் வலியைத் திறந்துவிடச் சொன்னாள்.

வெயில் ஏறுவதற்குள் வரிசையில் கடைசி ஆளாகிவிட்டாள். தாங்காமல் நிமிர்ந்தாள். அங்கே இரும்பு ஆள் இடுப்பில் கைவைத்து, "ஐயோ அம்மா" என்றது. மண்வெட்டிகள் நின்றன. காடே சிரித்தது.

"அட, வந்துட்டா பாருங்கடா! இவ அப்பனும் நாலு கொத்துக்கு ஒருக்கா இடுப்பத்தான் புடிப்பான்!" என்றார் ஒரெஸ்தீல்.

வேலைக்குத் தாளம் கொடுத்து முரசடிப்பவன் அவள் பெயரைப் பாட்டில் சேர்த்து, சோம்பேறி என்று ஒரு வரி கட்டினான். அவள் திருப்பிப் பாடிய சத்தத்தில் மான்ட்ரியலில் கீழ்வீட்டுக்காரர் தன் கூரையைத் தட்டினார்.

"அடுத்த ஞாயிறு என் காட்டுக்கு வந்துரு!" என்று அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான செலிமேன் கத்தினாள்.

ஒரெஸ்தீலுக்குத் தீர்ந்தது. மீதிப் பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு நாள் உழைப்பு இன்னும் பாக்கி.