ஏழாம் போர்ட்

கணவன் இறந்த பிறகு, அவன் வீட்டில் வைத்து வேலை பார்த்த கணினியை அலுவலகம் திருப்பிக் கேட்டது. அவளுக்கும் அதே வேலைதான். கொடுக்குமுன் சரிபார்த்தாள். வெளிக்கருவிகளை ஒயரால் இணைக்கும் போர்ட்டுகளில் ஏழாவது மட்டும் திறக்க மறுத்தது. 'வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்' என்றது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருளில் பழையதும் புதியதும் ஒரே உறைக்குள் இரண்டு கத்தியாகக் கிடந்தன. பழையதை நீக்கியதும் திறந்துகொண்டது.

சோதனைக்கு அவன் வழியையே பிடித்தாள். போர்ட்டின் அனுப்பும் முனையையும் வாங்கும் முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால், தட்டிய சொல் அப்படியே திரையில் திரும்பி வரும். ஊரெல்லாம் 'டெஸ்ட்' என்று தட்டும். அவன் 'சாப்டியா' என்று அவளை வாய்விட்டுக் கேட்டபடியேதான் தட்டுவான். "திரும்பி வந்தா, அந்தப் பக்கம் ஆளில்லைன்னு அர்த்தம்டி" என்று சிரிப்பான்.

'சாப்டியா' என்று தட்டினாள். 'சாப்டியா' என்று வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி வந்தது.

ஆளில்லை.

"அண்ணி, ஒரு வாயாவது சாப்பிட வாங்க. இப்படியே கெடந்தா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?" சமையலறையிலிருந்து நாத்தனார் அழைத்தாள்.

பக்கத்து அறையிலிருந்து இத்தனை வருஷம் அவனுக்குச் சொன்ன பதிலைக் கை தன்பாட்டுக்குத் தட்டியது: 'இன்னும் இல்ல. நீங்க வாங்க.'

காத்திருந்தாள். அது திரும்பி வரவில்லை.

ஒயரை அழுத்திப் பார்த்தாள். உறுதியாகத்தான் இருந்தது. 'டெஸ்ட்' என்று தட்டினாள், உடனே வந்தது. அந்தப் பதில் மட்டும் வரவேயில்லை.

"கொஞ்சம் இரும்மா," என்றாள் சமையலறைப் பக்கம் திரும்பி. "உங்க அண்ணனும் வந்துரட்டும்."