குட்டைக் கோடு

"படிக்க வச்சதுக்கு நல்லாத்தான் கைம்மாறு செய்யுறா ஒங்க மக!"

கூடக் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி முகத்துக்கு நேரே சொன்னபோது மரியநாயகிக்குக் கூடையோடு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

மகள் பவுலினுக்கு ஹட்டனில், தேயிலைத் தோட்டக் கம்பனிக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரில் வேலை. எந்தப் பிரிவு எவ்வளவு கொழுந்து பறிக்கிறது என்று கோடுகளாகப் படம் போடச் சொல்லியிருந்தார் தோட்டத்தை நடத்தும் தொரை. கடைசியாக வரும் பிரிவுக்குத் திங்கள் முதல் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றாலும் பாதி நாள்தான் பதிவாகும்.

அது இவர்களுடைய கீழ்ப்பிரிவுதான் என்பது ஊரறிந்த சங்கதி.

"அந்தப் படத்த நீயாடி போடணும்?" என்று வீட்டில் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என் வேலைம்மா." பவுலின் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வரி வரியா கட்டளை எழுதிக் குடுத்தாத்தான் அந்தப் பொட்டி கோடு போடும். ஜோடியா நிக்க வைக்கத்தான் நாலு நாளா மண்டைய ஒடைக்கிறேன்."

பெற்ற வயிறு இங்கே எரிகிறது, இவளுக்குக் கோடு நிற்கவில்லையென்று கவலை!

திங்கட்கிழமை காலை, ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் படம் வந்தது. கீழ்ப்பிரிவில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை ஞானரட்ணம் தன் கையாலேயே பசை தடவி ஒட்டினார்.

"பாத்துக்கங்க! இருக்குறதுலயே குட்டை ஒங்க கோடுதான்."

மரியநாயகிக்கு எழுத்துத் தெரியாது. நெட்டை குட்டை தெரியுமே!

"பிரிவுக்குப் பிரிவு ரெண்டு கோடு நிக்குதே, அது என்னா?"

அடியில் பவுலின் கையால் எழுதியிருந்ததை நாகலெட்சுமி வாசித்தாள். "மொதக் கோடு மலையில பாத்த நிறை. ரெண்டாவது, பெக்டரியில பாத்த நிறை."

"மத்த பிரிவுல ரெண்டாவது கொஞ்சம் குட்டை. ஈரம் காஞ்சா நிறை கொறையும், சரி. நம்மளதுல மட்டும் ரெண்டாவது நெட்டையா நிக்குது?" மரியநாயகி பெரட்டுக்கு வந்திருந்த தொரையிடமே திரும்பினாள். "ஏங்க தொரை, நம்ம கொழுந்து மட்டும் லொறியில போகப் போக மொளைக்குதுங்களா?"

பெரட்டே சிரித்தது. தொரை சிரிக்கவில்லை. படத்தைக் குனிந்து பார்த்தார், மலையில் நிறுக்கும் தராசைக் கொண்டுவரச் சொன்னார்.

பத்துக் கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டால் முள் ஏழில் நின்றது! பெக்டரியில் நிறை குறைந்தால் தன் தலையில் விழுமே என்று ஞானரட்ணம் தராசைத் திருகி வைத்திருந்தார்.

தராசு கைமாறியது. அரைப்பேர் ஒழிந்தது. அன்று கீழ்ப்பிரிவுப் பெண்கள் மலையேறிய நடையைப் பார்க்க வேண்டுமே, தேரிழுக்கப் போகிறவர்கள் கெட்டார்கள்!

சாயங்காலம் மகளிடம் தேத்தண்ணியை நீட்டினாள் மரியநாயகி.

"என்னா இருந்தாலும் தொரை நல்ல மனுசன்டி. ரெண்டு கோடு போடச் சொல்லியிருக்காரே!"

பவுலின் ஊதி ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"அவரு கேட்டது ஒத்தக் கோடுதாம்மா."