ஏணிக்கு எதிரே கெட்டில்

அதிகாரி வாக்குப்பெட்டியை மேசைமேல் கவிழ்த்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதிரெதிரே நிற்கும் வேட்பாளர்கள் கைகோத்து உட்காரக் கூடாது என்று சட்டம் இருந்தால் எங்கள் இரண்டு பேரையும் தூக்கி உள்ளே வைத்திருப்பார்கள்.

அக்கா என்றால் என் ஓரகத்தி. பத்து வருடமாக ஒரே அடுப்பில் சமைக்கிறோம்.

ஊராட்சித் தலைவர் பதவியை இந்த முறை பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். அக்கா யாரையும் கேட்காமல் ஏணிச் சின்னத்தில் நின்றாள். மலைமேல் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு பிரசவ அறை வர வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான்.

ஊர் ஆண்கள் இருபத்தாறு பேருக்கும் அது பிடிக்கவில்லை. அக்கா கேள்வி கேட்கிறவள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிற ஆள் வேண்டும் என்று கூடிப் பேசி, என் வீட்டுக்காரரைப் பிடித்து, என்னைக் கெட்டில் சின்னத்தில் நிறுத்தினார்கள். இருபத்தாறு ஓட்டும் கெட்டிலுக்கே என்று சத்தியம் வேறு. அக்காவின் சொந்தப் புருஷனும் அதில் ஒருவர்.

பெண்கள் இருபத்தைந்து பேர்தான். எப்படிக் கூட்டினாலும் அக்கா தேறவில்லை.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. போன வருடம் என் சின்னவள் கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதி வழியிலேயே பிறந்தாள். நாற்காலியில் வைத்துக் கட்டி, பனிமூட்டத்தில் என்னை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைக் கையில் ஏந்தியவள் அக்கா. முன்பக்கம் தோள் கொடுத்திருந்த என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கக்கூடத் தைரியமில்லாமல் நின்றார்.

இன்று காலையிலும் அக்காதான் எனக்குத் தலை வாரிவிட்டாள். ஜெயிக்கப் போகிறவள் பரட்டைத் தலையோடு போகக் கூடாதாம். இப்படி ஒருத்தியை எதிர்த்து யாரால் நிற்க முடியும்?

அதிகாரி சீட்டுகளைப் பிரித்துப் பிரித்து அடுக்கினார். மேசையில் ஒரே ஒரு அடுக்குதான் வளர்ந்தது. அவருக்கே நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினார்.

ஏணிக்கு ஐம்பத்தொன்று. கெட்டிலுக்கு ஒன்றுமில்லை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தோற்றுப்போன நான் வெட்கமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

“ஏண்டி, உன் ஓட்டைக்கூட நீ உனக்குப் போட்டுக்கலையா?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினார்.

“நான் அக்காவுக்குத்தான் போட்டேன். நீங்க யாருக்குப் போட்டீங்க?”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜன்னலுக்கு வெளியே நின்ற மற்ற இருபத்தைந்து பேரும் ஒரே நேரத்தில் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.