அகழி

"பயிருக்குத் தண்ணி பாய்ச்சச் சொன்னா, கோட்டைக்கு அகழி வெட்டி வச்சிருக்கீங்களே அண்ணே!" என்றார் கம்பெனிக்காரர்.

கணினித் திரையில் ஒரு நீலக் குன்று மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. உச்சி அழகு, சரிவு அழகு. பாதிச் சரிவில் மட்டும், குன்றைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம்.

பட்டறைக்காரர் திரைக்கு அருகே குனிந்தார். ஏழு வருடம் கடைந்து கடைந்து அவர் உருவாக்கிய நீர்த்தெளிப்பான். இன்று தேறிவிட்டால், விற்கும் ஒவ்வொன்றிலும் அவருக்குப் பங்கு என்று பேச்சு.

"இந்தப் பள்ளம் எங்கேருந்துடா வந்துச்சு?" என்று மனைவியின் தம்பியைக் கேட்டார். நீரை அளந்தது, எண்களை ஏற்றியது, படம் போட்டது எல்லாம் அந்த மைத்துனன்தான்.

"ஆறாவது கப்பு, அத்தான். மத்த எல்லாத்துலயும் தண்ணி சரியா இருந்துச்சு. அதுல மட்டும் ரெண்டே சொட்டு."

சோதனை எளிமையானது. பட்டறைக்குப் பின்னாலிருந்த காலி மனையின் நடுவே தெளிப்பான்; அங்கிருந்து ஒரே நேர்க்கோட்டில், மீட்டருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கப்புகள். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, எதில் எவ்வளவு நீர் என்று அளப்பார்கள்.

தெளிப்பான் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் பொழியும். அதனால் அந்த ஒற்றைக் கோட்டை மென்பொருள் ஒரு சுற்றுச் சுற்றி, மனை முழுவதையும் குன்றாக்கிக் காட்டிவிடும். சிக்கனமான ஏற்பாடுதான். ஒரு கப்பு பொய்த்தால் ஒரு வட்டாரத்துக்கே பஞ்சம், அது ஒன்றுதான் வில்லங்கம்.

"அஞ்சுக்கும் குடுக்கும், ஏழுக்கும் குடுக்கும், ஆறை மட்டும் தாண்டிக் குதிக்குமா என் தெளிப்பான்? எங்கே அந்தக் கப்பு?"

"அளந்ததும் எல்லாத்தையும் கொட்டிட்டேன் அத்தான். வேணும்னா மறுபடி ஓட்டிப் பார்த்துடலாம்."

கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, எனக்கு இன்னும் ரெண்டு பட்டறை பாக்கி இருக்கு."

அவருடைய பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. சோதனை முடியும் நேரத்தில் போன் பேச வெளியே போனவரைத் தெளிப்பான் விட்டுவைக்கவில்லை. "வீச்சுல குறையே இல்ல அண்ணே, எனக்கே குளியல்!" என்று அதையும் பாராட்டாக மாற்றிச் சிரித்த நல்ல மனிதர்.

இப்போது அவர் மைத்துனனை உற்றுப் பார்த்தார். "ஆமா, தம்பியை நான் பார்த்திருக்கேனே. போன மாசம், அந்த எதிர்க் கம்பெனி வரவேற்பறையில?"

மைத்துனன் முகம் செத்துப்போயிற்று. "வேலை கேட்டுப் போனேன் அத்தான். கிடைக்கல. கிடைக்காததை எதுக்குச் சொல்லணும்னுதான்..."

"கிடைக்கலையா, இல்ல இதை முடிச்சாத்தான் கிடைக்குமா?"

"அத்தான்! கப்புல இருந்ததைத்தான் எழுதினேன்."

"சாப்பிட்ட தட்டுலயே ஓட்டை போட்டுட்டியேடா." பட்டறைக்காரர் கம்பெனிக்காரர் பக்கம் திரும்பினார். "சார், இது பொய்க் கணக்கு. என் தெளிப்பான்ல பள்ளம் இல்ல."

"நான் நம்பறேன் அண்ணே. ஆனா எங்க ஆளுங்களுக்கு நான் படத்தைத்தானே காட்ட முடியும்? உங்க வீட்டு ஆள் போட்ட படம்." அவர் பெருமூச்சு விட்டார். "சரி, வந்தவன் வெறுங்கையோட போனா உங்களுக்கும் மரியாதை இல்ல. பங்கு கிங்கெல்லாம் விட்டுடுங்க. ஏதோ ஒரு தொகை, உரிமை முழுசும் எங்களுக்கு. பள்ளத்தை நாங்க தூர்த்துக்கறோம்."

பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் வைத்தார். பேனாவையும் மூடி கழற்றியே வைத்தார்.

"போடாதீங்க அத்தான். ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் குடுங்க."

"உனக்கு ஏழு வருசம் குடுத்தாச்சு. போதும்."

கையெழுத்து விழுந்தது. பட்டறைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசலைக் காட்டினார். "உங்க அக்கா முகத்துக்காகக் கையை ஓங்காம விடறேன். இனிமே இந்தப் படி ஏறாதே."

அப்போதும் சுழன்றுகொண்டிருந்த குன்றை மைத்துனன் ஒரு விரலால் நிறுத்திவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினான்.

"மனசை விட்டுடாதீங்க அண்ணே. கூட இருக்கறவங்கதான் குழி பறிப்பாங்க," என்று தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கம்பெனிக்காரர் காரில் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பியதும், பின்சீட்டில் ஷூவைக் கழற்றி, ஈர சாக்ஸை உரித்தார். ஓட்டுநர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, உலர்ந்த ஜோடி ஒன்றைப் பின்னால் நீட்டினார்.

"இங்க எத்தனாவது கப்பு சார்?"