மண் பெஞ்சின் சூடு

ஃப்ரீசர் பெட்டிக்காரன் மண் பெஞ்சில் கை வைத்தான். உடனே எடுத்துக்கொண்டான்.

"இதுக்குப் பக்கத்துல வெச்சா பெட்டி கூலிங் ஆகாதுங்க."

எப்போது ஆறும் என்று கேட்டான். ராத்திரி வரை சூடு நிற்கும் என்று அம்சவேணியின் கணவர் சொன்னார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

கண்ணாடிப் பெட்டியை வெளியே போர்ட்டிகோவில் வைத்தார்கள். அம்சவேணியைத் தூக்கிக்கொண்டு போய் அதற்குள் படுக்க வைத்தார்கள். மகள் துபாயிலிருந்து வர நாளைச் சாயங்காலம் ஆகும். அதுவரை உடம்பு தாங்க வேண்டும்.

பெட்டிக்காரன் சுவிட்சைப் போட்டான். பெட்டி உறுமியது.

கோத்தகிரிக்கு வாழ வந்த நாள் முதல் அம்சவேணிக்குக் குளிர்தான் சக்களத்தி.

கரி போட்டால் மூச்சு இழுக்கும். கரண்ட் ஹீட்டர் போட்டால் வோல்டேஜ் விழும். புகை வாசமே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கீழே மேட்டுப்பாளையம் போய்விடலாம் என்றாள் அவள். கேட்டது அது ஒன்றுதான்.

அவர் தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொண்டவர். ஆயுசெல்லாம் சூட்டோடு மல்லுக்கட்டிய மனுஷன். நான் இருக்கும்போது நீ எதுக்கு மலை இறங்கணும் என்றார்.

ராக்கெட் அடுப்பு என்று பேர். பழைய பீப்பாய்க்குள் செங்கல்லால் ஒரு குழல். அதில் குச்சி விறகு சீறிக்கொண்டு எரியும். புகை நேராக வெளியே போகாது. ஹால் நீளத்துக்குக் கட்டிய மண் பெஞ்சுக்குள் குழாய் வழியாக ஊர்ந்து, சூட்டையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறும். ஒரு கட்டு விறகில் ஒரு நாள் முழுக்கச் சூடு.

படம் போட்டார். மண் மிதித்தார். வீட்டுக்குள் சூளை வைக்கிறாரா என்று அக்கம்பக்கம் சிரித்தது.

கட்டி முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. மண் காயவில்லை.

ஈர மண்ணில் தீ மூட்டினால் வெடித்துவிடும். காயட்டும், காயட்டும் என்றே ஒரு மழைக்காலம் போயிற்று. அவள் இருமிக்கொண்டே இருந்தாள். மேட்டுப்பாளையத்தைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

நேற்றுச் சாயங்காலம்தான் முதன்முதலாக முழுச் சூடு ஏற்றினார்.

அவள் பெஞ்சில் நீட்டிப் படுத்தாள். சாக்ஸைக் கழற்றச் சொன்னாள். அதைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

காலையில் போர்வைக்குள் கையை விட்டு அவள் பாதத்தைத் தொட்டார். புறங்கையால்தான் தொட்டார். டிரையரில் தூள் பதம் பார்த்த பழக்கம்.

வெதுவெதுப்பாக இருந்தது.

இத்தனை வருஷத்தில் அந்தப் பாதம் விடியற்காலையில் சுட்டதே இல்லை. தூங்கட்டும் என்று காபியைக்கூட மூடி வைத்துவிட்டு, விறகு பிளக்கப் போனார். சீட்டி அடித்தபடியே பிளந்தார்.

ஊசி போட வந்த பக்கத்து வீட்டு நர்ஸ் ஸ்டெல்லா, பாதத்தைத் தொடவில்லை. மூக்கருகே விரலை வைத்தாள். கழுத்தில் வைத்தாள்.

"கால் சூடாத்தானே இருக்கு?" என்றார் அவர்.

ஸ்டெல்லா பெஞ்சைப் பார்த்தாள். போர்வையை இழுத்து முகத்தை மூடினாள்.

மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கியது. துக்கத்துக்கு வந்தவர்கள் பெட்டியைச் சுற்றி வந்து கும்பிட்டார்கள். கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர் யாரும் எழவில்லை. ஒருவர் மட்டும், கொஞ்சம் தயங்கி, எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கட்ட முடியுமா என்று விசாரித்தார்.

கட்டலாம் என்றார் அவர்.

வெளியே பெட்டியருகில் யாருமில்லை. அவர் மட்டும் நின்றார். கண்ணாடி மேல் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சில்லென்றிருந்தது.

அம்சவேணியின் தம்பி வந்து தோளைப் பிடித்தான்.

"உள்ள வாங்க மாமா. இந்தக் குளிர்ல நீங்களும் நோவுல படுத்துக்கப் போறீங்க."

கூட்டிப்போய், பெஞ்சில் அவள் படுத்திருந்த இடத்தில் உட்கார வைத்தான். சால்வையைப் போர்த்திவிட்டான்.

சூடு முதுகில் மெல்ல ஏறியது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

எழுந்து வெளியே போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே இருந்தார்.

உடம்பு கேட்கவில்லை. அதற்கு இதமாக இருந்தது.

கண் சொக்கியது.